மூன்று கோலுக்கு ஒரு புள்ளி

1

காலை ஆறு மணி பத்து நிமிடம். பால்கனிக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மணியின் கயிறு.

இங்கே மாடி வீடுகளில் இருப்பவர்கள் பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். நுனியில் ஒரு கவ்வி இருக்கும். பத்திரிகை போடுபவர் கீழே நின்று கவ்வியில் மாட்டிவிட்டுப் போவார். வீட்டுக்காரர் மேலே இழுத்துக்கொள்வார். எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்த மணி, எங்கள் தெருவிலேயே முதலில் கயிற்றை இழுப்பவர். அன்று அவருடைய கயிறு கீழேயே கிடந்தது. கவ்வியில் இரண்டு பத்திரிகைகள் இருந்தன. ஒன்று முந்தைய நாளுடையது, மழையில் நனைந்து ஊதியிருந்தது.

அது 2007, அக்டோபர். பிக்குகள் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நடந்த செப்டம்பர் முடிந்து, ஊரடங்கு இன்னும் முடியாத நாட்கள். அரசாங்கம் இந்த ஊரை யாங்கோன் என்கிறது. பபேடான் பகுதியில் எங்கள் தெருத் தமிழர்களுக்கு இன்னும் ரங்கூன்தான்.

நான் இறங்கித் தெருவைக் கடப்பதற்குள் மணியின் மனைவி ராணி வாசலுக்கு வந்துவிட்டார். யாராவது வரட்டும் என்று காத்திருந்தவர் போல இருந்தது.

"முந்தா நாள் சாயங்காலம் கூட்டிட்டுப் போனாங்க ஸயா. பத்து நிமிஷம் பேசணும்னு சொன்னாங்க. செருப்புகூட வீட்டுச் செருப்புதான் போட்டிருந்தார்."

ஸயா என்றால் பர்மியத்தில் ஆசிரியர், ஐயா, இரண்டும். பத்திரிகையில் இருந்தவன் என்பதால் எனக்கு அந்தப் பெயர்.

"கயிறு கீழேயே கிடக்குதே?"

"கிடக்கட்டும். அவர் வந்து இழுக்கட்டும்."

இந்த வாரத்தோடு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2

நான் புதுச்சேரிக்காரன். ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பத்திரிகை நின்றுபோனது. சென்னையில் பருப்பு இறக்குமதி செய்யும் ஒருவர், உளுந்தின் தரம் பார்த்து அனுப்ப நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று 1989-இல் என்னை இங்கே அனுப்பினார். இரண்டு வருட வேலை என்றார். நான் மறு வருடமே இங்கே பிறந்து வளர்ந்த துறைமுகத் தொழிலாளி வீட்டுப் பெண்ணான செல்வியைத் திருமணம் செய்துகொண்டேன். இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை.

வேலை எளிது. காலையில் கிடங்குக்குப் போய் மூட்டையில் குத்தூசியைச் செருகி உளுந்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்க வேண்டும். நிறம், பருமன், கல், வண்டு. ஒன்றைக் கடித்து ஈரம் பார்க்க வேண்டும். மதியத்துக்குள் முடிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் அனுமதிகளுக்குப் போகும். வெளிநாட்டவர் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் யாராவது ஓர் இரவு தங்கினால் வார்டு அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். செல்வியின் தங்கை பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். அவள் தங்கினாலும் எழுத வேண்டும். மழைக்கு ஒதுங்கியவள் பேச்சு நீண்டு படுத்துவிட்டால்கூட யாராவது ஒருவர் குடையோடு வார்டு அலுவலகத்துக்குப் போவோம். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கட்டடத்தில் யாரும் விட்டுப் பார்த்ததில்லை.

எங்கள் ஒரே மகள் மாலாவுக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மா தீரி. நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்வாள். சண்டை போடும்போது மட்டும் தமிழ் வரும். அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் முயற்சியை நான் கைவிட்ட ஆண்டில், அவளாகவே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். பிரெஞ்சுக்காரர்கள் நடத்தும் நூலகத்தில் வாரம் இரண்டு நாள் வகுப்பு. என் பிரெஞ்சைக் கேட்டு, "அப்பா பேசறது சர்க்கார் ஆபீஸ் மாதிரி இருக்கு" என்றாள். அது சரியான விமரிசனம்தான். நான் அந்த மொழியைக் கற்றதே வானொலி அறிவிப்பாளர்களிடமிருந்து.

இனி அந்தக் கால்பந்து விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை ஐரோப்பாவில் லீக் ஆட்டம் கிடையாது. அந்த மாதங்களில் ரங்கூன் ஆண்களுக்குச் சோறு இறங்காது. ரஹீம் பாய் டீக்கடையில் தொலைக்காட்சியைத் துணிபோட்டு மூடி வைத்துவிடுவார். 2007 ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மின்விசிறிக் கடை வைத்திருந்த மணி சலித்துப்போய்ச் சொன்னார்:

"ஸயா, பேப்பர்ல இருந்தவர்தானே நீங்க. ஏதாவது பழைய மேட்ச் சொல்லுங்களேன்."

"முழுசா எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வருஷம்தான். எழுபத்து மூணு, எழுபத்து நாலு. பிரான்ஸ் முதல் டிவிஷன்."

"யாரு ஜெயிச்சாங்க?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

மணி நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப அதுதான் வேணும். வாரம் ஒரு ரவுண்டு சொல்லுங்க. நாங்க முன்னாடியே சொல்றோம் யாரு ஜெயிப்பாங்கன்னு. தோத்தவன் டீ."

அப்படித்தான் தொடங்கியது. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு பருவத்தை, எந்த அணியையும் கண்ணால் பார்த்திராத மூன்று பேர் நான்காமவர் சொல்லக் கேட்டு வாதாடினார்கள். மணி, ரஹீம் பாய், அவருடைய சமையல்காரர். ரஹீம் பாய் சமையல்கட்டுக் கரும்பலகையில் பாதியை அழித்து, முதல் ஐந்து இடங்களை எழுதிவைப்பார். வென்றது, சமன், தோற்றது, புள்ளி. சேந்தெத்தியேன் நகர அணிக்குப் பச்சைச் சட்டை. அதனால் அதன் பெயர் பச்சை. நாந்த் நகரம் "நந்து" ஆனது. மார்செய் மட்டும் மார்செய்யாகவே இருந்தது, அங்கே கப்பலில் போய்வந்த ஒரு மாமா ரஹீம் பாய்க்கு இருந்தார்.

3

புதுச்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவர்களை அங்கே அப்படித்தான் சொல்வோம். அவரிடம் நல்ல வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. சிற்றலையில் பாரிஸ் பிடிக்கும். வார இறுதி முடிவுகளை அறிவிப்பாளர் வாசிப்பார், சொல்தா உரக்கத் திரும்பச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். எனக்குப் பத்தொன்பது வயது. திங்கட்கிழமை காலை அதைப் பட்டியலாக்கி மாலைப் பத்திரிகையில் கொடுப்பேன். அரைப் பத்தி. சொல்தாக்கள் அதற்காகவே வாங்குவார்கள் என்று ஆசிரியர் நம்பினார்.

பிரான்சில் அந்த ஆண்டு புதிய விதி ஒன்று வந்திருந்தது. ஆட்டங்களில் கோல் குறைந்து, அரங்குகள் காலியாகத் தொடங்கியிருந்தன. ஆகவே ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி என்று வைத்தார்கள். இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும் அணி சும்மா பந்தைத் தட்டிக்கொண்டு நிற்காமல் மூன்றாவதுக்கு ஓடும். வெற்றிக்கு இரண்டு, சமனுக்கு ஒன்று என்ற வழக்கமான கணக்கோடு இந்தப் புள்ளியும் சேரும். ஆகஸ்டில் முதல் பட்டியலின் அடியில் இதை ஒரு வரியாகப் போட்டேன். அடுத்த வாரம் இடமில்லை என்று அச்சுக்கோப்பவர் அந்த வரியை எடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. பிறகு அந்த வரி வரவே இல்லை.

எல்லா ஆட்டமும் நினைவில் இருந்தது என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம். சில இடங்களில் தடுமாறினேன். ஆனால் பட்டியலின் மேல் வரிசை எந்த வாரம் எப்படி இருந்தது என்பது, வாரந்தோறும் கைப்பட எழுதியவனுக்கு மறக்காது. ரஹீம் பாய் கடையிலும் நான் புள்ளிகளைக் கூடுதல் சேர்த்துத்தான் சொன்னேன். விதியைச் சொல்லவில்லை. சொன்னால் மூன்று பேரும் அரைமணி நேரம் அதைப் பற்றியே சண்டை போடுவார்கள் என்று தோன்றியது.

செப்டம்பர் கடைசியில் கடைக்கு ஒரு புதிய வாடிக்கையாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, கோடு போட்ட லுங்கி, கக்கத்தில் தோல்பை. எங்களுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து ஒரு டீயை ஒரு மணி நேரம் குடித்தார். அவருடைய கண் கரும்பலகையில் இருந்தது. எங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்களை அடையாளம் காண யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

"நிறுத்திடலாமா?" என்று நான் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"இப்ப நிறுத்தினா, இதுவரைக்கும் பேசினது வேற எதுவோன்னு ஆயிடும்" என்றார் ரஹீம் பாய். "சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க."

மணி சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே. "நந்து இந்த வாரம் கண்டிப்பா தோத்துடும் ஸயா, நான் டீ வாங்கித் தரத் தயார்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அதற்கு முந்தைய வாரம் பிக்குகள் எங்கள் தெரு முனையைக் கடந்தபோது, மணி டீக்கடையிலிருந்து தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். பலரும் கொடுத்தார்கள். யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

4

மணி போன நான்காம் நாள் என்னை அழைத்தார்கள். லான்மடாவில் ஓர் அரசு அலுவலகக் கட்டடம், இரண்டாம் மாடி. அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வெறும் தேநீர் வைத்த கண்ணாடிக் குவளை. அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. அவர் குரலை உயர்த்தவே இல்லை. பேச்செல்லாம் பர்மியத்தில். நான் தமிழில் தருகிறேன், "ஊ" என்ற மரியாதை முன்னொட்டை மட்டும் அப்படியே விட்டு.

"உட்காருங்கள், ஊ லிங்கம். சனிக்கிழமைகளில் டீக்கடையில் என்ன பேசுகிறீர்கள்?"

"கால்பந்து."

"எந்த ஆண்டுக் கால்பந்து?"

"1973."

"எங்கே நடந்தது?"

"பிரான்சில்."

அவர் ஒரு தாளில் ஆண்டுகளைக் கழித்துப் பார்த்துச் சொன்னார். "யாங்கோனில் நான்கு பேர் வாரம் தவறாமல் கூடி, முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் நடந்த ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டுகிறீர்கள்."

அவர் வாயால் கேட்டபோது எனக்கே நம்பும்படியாக இல்லை. ஆமாம் என்றேன்.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ரஹீம் பாயின் கரும்பலகை அதில் இருந்தது. வாரம் வாரியாக, ஒரு புள்ளி பிசகாமல் பிரதி எடுத்திருந்தார்கள்.

"எனக்கும் கால்பந்து பிடிக்கும். அந்தக் காலத்தில் வென்றால் இரண்டு, சமன் என்றால் ஒன்று. சரிதானே?"

"சரி."

"நான் பெருக்கிப் பார்த்தேன். நேற்று இரண்டு முறை. பச்சைக்குக் கூடுதலாக வருகிறது. மார்செய்க்கும் கூடுதலாக வருகிறது, ஆனால் அதே அளவு இல்லை. ஒவ்வொரு வாரமும் அந்தக் கூடுதல் மாறுகிறது." பென்சிலை மேசையில் வைத்தார். "அந்த எண்கள் என்ன, ஊ லிங்கம்? யாருக்குப் போகின்றன?"

விதியைச் சொன்னேன். மூன்று கோல், ஒரு புள்ளி. என் பர்மியம் அந்த நேரத்தில் என்னைக் கைவிட்டது. கோலுக்கும் புள்ளிக்கும் இடையில் சொற்கள் தடுக்கின. அவர் என்னைத் திருத்தவில்லை, முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மணியிடம் இதே கேள்வியைக் கேட்டேன். புள்ளி எப்படிக் கூடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸயா சொன்னார், நாங்கள் எழுதினோம் என்கிறார்."

"அவருக்கு நான் சொல்லவில்லை."

"ஏன் சொல்லவில்லை?"

பத்திரிகையில் அடிக்குறிப்புக்கு இடமிருக்காது என்றேன். அது பதிலாகப் படவில்லை.

"அச்சில் எங்காவது இருக்குமே. காட்டுங்கள். சனிக்கிழமைக்குள்."

"மணி?"

"மணி நலம்" என்றார்.

5

இணையத்தைத் துண்டித்திருந்தார்கள். இந்தியாவுக்குத் தொலைபேசியில் பேசி, ஒரு பிரெஞ்சுக் கால்பந்து விதியைப் பற்றிக் கேட்டால் ஒட்டுக்கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக் கைவிட்டேன். புதுச்சேரிப் பத்திரிகையின் பழைய பிரதிகள் எங்கும் இல்லை. அந்த சொல்தா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகியிருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாலா தலையைத் தூக்காமல் சொன்னாள். "லைப்ரரியில ஸ்போர்ட்ஸ் வருஷப் புத்தகம் இருக்கு. பழசு. கீழ் அலமாரியில."

தமிழில் சொன்னாள். சண்டைக்குத் தயாராகிவிட்டாள் என்று புரிந்தது.

"அங்க வாசல்ல ரெண்டு பேர் நின்னு போறவங்க வர்றவங்க பேரை எழுதறாங்க" என்றாள் செல்வி. "வகுப்பே நின்னுபோச்சுன்னு நீதானே சொன்னே?"

"வகுப்புதான் இல்லை. புத்தகம் திருப்பிக் குடுக்கலாம்."

"நான் போறேன்" என்றேன்.

"அப்பா போனா, வெளிநாட்டுக்காரர் வெளிநாட்டுக்காரரைப் பார்க்கப் போனார்னு எழுதுவாங்க. நான் போனா, புத்தகம் குடுக்கப் போனான்னு எழுதுவாங்க."

"எழுதுவாங்கல்ல?" என்றாள் செல்வி. "அதைத்தான் நான் சொல்றேன். எதுவா இருந்தாலும் எழுதுவாங்க. ஒரு தடவை எழுதினா அழிக்க மாட்டாங்க."

"அப்ப மணி மாமா?"

செல்வி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு ஒரு முடிவைச் சொல்லத் தெரியவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலா பள்ளிப் பையோடு கிளம்பியபோது பையின் கனத்தைப் பார்த்தேன். நூலகப் புத்தகங்கள் எல்லாம் அதில் இருந்தன.

கிடங்குக்கு அன்று நான் போகவில்லை. பால்கனியில் நின்றேன். மழை பெய்தது. வாடகைக் கார்கள் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எண்ணைப் படித்தேன். எதற்காகப் படித்தேன் என்று தெரியவில்லை. செல்வி பூஜை அறையை இரண்டு முறை துடைத்தாள். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாலா நடந்து வந்தாள், குடையை விரிக்காமல். குடை பையின் மேல் இருந்தது.

உள்ளாடைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு நகல் தாளை எடுத்துக் கொடுத்தாள். பருவத்தின் இறுதிப் பட்டியல். அடியில், மிகச் சிறிய எழுத்தில், ஒரே ஒரு வரி. மூன்று கோலுக்கு ஒரு புள்ளி.

"பேர் கேட்டாங்களா?" என்றாள் செல்வி.

"கேட்டாங்க."

"எந்தப் பேர் சொன்னே?"

"ரெண்டையும் கேட்டாங்கம்மா. ரெண்டையும் சொன்னேன்."

6

அதிகாரி தாளை வாங்கியதும் முதலில் செய்த காரியம் அதைக் கவிழ்த்து வைத்ததுதான்.

"இது கடைசிப் பட்டியலா?"

"ஆமாம்."

"அப்படியானால் நான் பார்க்கக் கூடாது. மடித்துக் கொடுங்கள். கடைசி இடத்துக்காரர் மட்டும் தெரியட்டும். அவர்களைத் தெரிந்துகொள்வதில் எனக்கு நஷ்டமில்லை."

மடித்துக் கொடுத்தேன். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பெருக்கினார், கூட்டினார், அடிக்குறிப்பை என்னை வாய்விட்டு மொழிபெயர்க்கச் சொன்னார், மீண்டும் கூட்டினார். பிறகு தாளை மடித்தபடியே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரியாக வருகிறது."

மணியை எப்போது விடுவீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"டீக்கடையில் எந்தச் சுற்றில் நிறுத்தினீர்கள்?" என்றார் அவர். "சனிக்கிழமை வாருங்கள். விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள்."

"ஒரே நாளில் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்."

"வாரம் ஒன்று. அப்படித்தானே நடந்தது?"

"மணி?"

"மணி நலம். சனிக்கிழமை பார்ப்போம்."

இப்படியாக நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் லான்மடாவுக்குப் போனேன். எனக்கும் குவளையில் தேநீர் வைப்பார்கள். அதிகாரி முன்கூட்டியே தன் ஊகங்களை எழுதி வைத்திருப்பார். நான் முடிவுகளைச் சொல்லச் சொல்லச் சரி, தவறு என்று குறித்துக்கொள்வார். கிளம்பும்போது நான் "மணி?" என்பேன். அவர் "நலம்" என்பார். இவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ராணியின் வீட்டுக்குப் போவேன்.

"இன்னும் எத்தனை ரவுண்டு இருக்கு ஸயா?"

சொல்வேன்.

"கொஞ்சம் சேத்துச் சொல்லி முடிச்சிடக் கூடாதா? முடிஞ்சா விட்டுடுவாங்கல்ல?"

"அப்படி அவர் சொல்லலை."

"பின்ன எதுக்குக் கேக்கறார்?"

இந்தக் கேள்வியைத்தான் நான் ஒவ்வொரு இரவும் கேட்டுக்கொண்டிருந்தேன். பருவம் முடிந்தால் மணியை விடுவார்களா, அல்லது முடிந்துவிட்டால் மணியை வைத்திருப்பதற்கும் விடுவதற்கும் ஒரு காரணமும் இல்லாமல் போய்விடுமா? சில வாரங்கள் வேகமாகச் சொல்ல நினைத்தேன். சில வாரங்கள் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருக்கலாமா என்று நினைத்தேன். ஒரு வாரமும் தவறவில்லை. ராணி ரங்கூன் சிறைச்சாலை வாசலில் மாதம் இருமுறை பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். வறுத்த மீன், சோப்பு, ஒரு பனியன். வாசலில் வாங்கிக்கொண்டார்கள். பார்க்க விடவில்லை.

அதிகாரி தனக்கென்று ஓர் அணியைத் தேர்ந்தெடுத்திருந்தார். லான்ஸ். அது நிலக்கரிச் சுரங்க ஊர், கீழ் டிவிஷனிலிருந்து அப்போதுதான் மேலே வந்த அணி என்று நான் ஒருமுறை சொன்னதிலிருந்து அவர் லான்ஸ் ஆளாகிவிட்டார். அவருடைய அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். லான்ஸ் வென்ற வாரங்களில் தேநீரோடு ஒரு பிஸ்கட் வரும்.

பிப்ரவரியில் லான்ஸ் மோசமாகத் தோற்ற சுற்றைச் சொல்ல வேண்டிய வாரம் வந்தது. அதற்கு முந்தைய வாரமும் அவர்கள் தோற்றிருந்தார்கள். அந்த முந்தைய சனிக்கிழமையே அதிகாரியின் "நலம்" சற்றுத் தாமதமாக வந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான் வீட்டில் மேசை முன் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். லான்ஸுக்கு ஒரு வெற்றியைக் கொடுத்தால் எதிரணிக்கு இரண்டு புள்ளி குறையும். எதிரணி அடுத்த வாரம் எந்த இடத்தில் இருக்கும்? யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுத்தால் இறுதியில் அச்சிட்ட பட்டியலோடு பொருந்தும்?

மாலா பின்னால் வந்து நின்று பார்த்தாள். அந்த நகல் தாளை அவள்தான் பத்திரமாக வைத்திருந்தாள். எனக்குத் தெரியாமல் முழுப் பட்டியலையும் மனப்பாடம் செய்திருந்தாள்.

"லான்ஸ் ஜெயிச்சதா சொல்லப் போறீங்களா?"

நான் தாளைக் கையால் மறைத்தேன்.

"அந்தாளு பெருக்கிப் பாக்கறவர்ப்பா. ரெண்டு தடவை பெருக்குவார்னு நீங்கதான் சொன்னீங்க. ஒண்ணு மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும். மே மாசம் வரைக்கும் பொய்யை ஞாபகம் வெச்சுக்குவீங்களா?" பிறகு பர்மியத்துக்கு மாறி, "அப்பாவுக்குப் பயம் வந்தால் கணக்கு வராது" என்றாள்.

தாளைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

சனிக்கிழமை நடந்ததை நடந்தபடி சொன்னேன். லான்ஸ் தோற்றது, எதிரணிக்கு மூன்றுக்கு மேல் கோல், ஆகவே கூடுதல் புள்ளியும் அவர்களுக்கே. அதிகாரி தன் தாளில் தவறு என்று குறித்தார். அந்தக் குறியின் மேலேயே மீண்டும் ஒருமுறை அழுத்திக் கோடு போட்டார்.

"மணி?" என்றேன்.

"அடுத்த சனிக்கிழமை" என்றார்.

அன்று ராணியின் வீட்டுக்குக் கொண்டுபோக என்னிடம் ஒன்றும் இல்லை. படி ஏறாமல் தெருவிலேயே நின்றேன். அவர் பால்கனியிலிருந்து என்னைப் பார்த்தார், கையால் என்ன என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆம் என்பது போலவும் இல்லை என்பது போலவும் இருந்திருக்கும். அவர் உள்ளே போனார்.

அந்த ஏழு நாளில் செல்வி எங்கள் இருவரின் துணிகளையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாலா வெளியே போகும்போதெல்லாம் எப்போது திரும்புவாள் என்று கேட்டோம், அவள் சொன்ன நேரம் தாண்டினால் இருவரும் பால்கனிக்கு வந்துவிடுவோம். மறு சனிக்கிழமை லான்ஸ் வென்று தப்பித்தது. தேநீரோடு பிஸ்கட் வந்தது.

"மணி நலம்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

7

மே முதல் வாரம் புயல் வந்தது. நகரத்தின் பெரிய மரங்கள் எல்லாம் தெருவில் கிடந்தன. லான்மடா அலுவலகத்தின் கூரையில் ஒரு பகுதி போய்விட்டது. கடைசிச் சுற்றை இரண்டு வாரம் தள்ளி, தார்ப்பாய் கட்டிய அறையில் சொன்னேன். அதிகாரியின் தாள்கள் நனைந்து காயவைக்கப்பட்டு அலை அலையாக இருந்தன. சாம்பியன் யார் என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பச்சைதான். லான்ஸ் முதல் டிவிஷனில் நிலைத்துக்கொண்டது. அதில் அவருக்குத் திருப்தி.

இப்போது அந்த நகல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எல்லா வரிகளையும் பெருக்கிக் கூட்டினார். நான் தடுமாறிச் சொன்ன இடங்களில் எங்கே பிசகியிருந்தேன் என்று சுட்டிக்காட்டினார். இரண்டு இடங்கள். கோபப்படவில்லை.

"அடுத்த ஆண்டு?" என்றார்.

"தெரியாது. எங்கள் தெரு சொல்தா அந்த ஜூனில் மகனோடு பிரான்சுக்குப் போய்விட்டார். வானொலிப் பெட்டியும் போய்விட்டது. எனக்கு இந்த ஓர் ஆண்டுதான் முழுதாகத் தெரியும்."

"அப்படியானால் முடிந்தது."

"மணி?"

"நலம்" என்றார். எழுந்து கை கொடுத்தார்.

ஜூன் வந்தது. ஜூலை வந்தது. மணி வரவில்லை. ஆகஸ்டில் நான் துணிந்து லான்மடாவுக்குப் போனேன். அந்த அறையில் வேறொருவர் இருந்தார். அவருக்கு என்னைத் தெரியவில்லை, கால்பந்தும் பிடிக்காது. ரஹீம் பாய் கரும்பலகை முழுவதையும் மீண்டும் சமையல் கணக்குக்கு எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார். மாலா பிரெஞ்சு வகுப்புக்குத் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அலுத்துவிட்டது என்று பர்மியத்தில் சொன்னாள்.

மணியை 2009-இல் மழைக்காலத்தின் முடிவில் விட்டார்கள், இன்னும் பலரோடு சேர்த்து. ரயிலில் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது, இடது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. ராணி சமைத்ததைக் கொஞ்சமாகச் சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"ஸயா, எது ஜெயிச்சுது கடைசியில?"

"பச்சை."

"எனக்குத் தெரியும்" என்று சிரித்தார். "அதென்ன, மூணு கோலுக்கு ஒரு புள்ளியாமே? ராணி சொல்லுச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஆளுகிட்ட நானே சொல்லியிருப்பேனே ஸயா."

"அவர் உங்களை அடிக்கடி பார்ப்பாரா மணி?"

"யாரு, அந்தப் பென்சில்காரரா? ஒரே தடவைதான் பார்த்தேன். புள்ளி எப்படிக் கூடுதுன்னு கேட்டார். அடுத்த வாரமே எங்களை வடக்கே மிச்சீனா ஜெயிலுக்கு ரயில் ஏத்திட்டாங்க. அப்புறம் ரங்கூன்லேர்ந்து ஒருத்தரும் எங்களைப் பத்திக் கேக்கவே இல்லை. அங்க இருந்தவங்களுக்கு நான் எந்தக் கேஸுன்னே தெரியலை."

மணியை ரயில் ஏற்றியது 2007 அக்டோபர். லான்மடாவில் நான் கடைசிச் சுற்றைச் சொன்னது 2008 மே.